செர்னோபில் விபத்தும் தைராய்டு சுரப்பியும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள சிறிய உறுப்பு தைராய்டு சுரப்பி. உணவில் கிடைக்கும் அயோடினைக் கொண்டு டி4, டி3 எனப்படும் ஹார்மோன்களை அது உற்பத்தி செய்கிறது. உடல் வெப்பம், இதயத் துடிப்பு, குழந்தைகளின் மூளை வளர்ச்சி ஆகியவை இவற்றைச் சார்ந்துள்ளன. இவை குறைந்தால் சோர்வும் எடை அதிகரிப்பும், மிகுந்தால் படபடப்பும் எடை இழப்பும் ஏற்படுகின்றன.

அயோடினை ஈர்த்துச் சேமிக்கும் இச்சுரப்பியின் இயல்பே ஆபத்தாக மாறக்கூடும் என்பதை செர்னோபில் அணு உலை விபத்து உணர்த்தியது.

பாலில் கலந்த கதிரியக்கம்

1986 ஏப்ரல் 26 ஆம் தேதி, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் யுக்ரெய்ன் பகுதியில் இருந்த அந்த உலை வெடித்தபோது, அயோடின்-131 பெருமளவில் வெளியேறியது. புல்லில் படிந்த அது, மாடுகளின் பால் வழியாகக் குழந்தைகளைச் சென்றடைந்தது. சாதாரண அயோடினையும் கதிரியக்க அயோடினையும் சுரப்பி வேறுபடுத்தி அறிவதில்லை. உணவில் அயோடின் பற்றாக்குறை நிலவிய பகுதிகளில் சுரப்பி அதனை மேலும் கூடுதலாக உறிஞ்சியது.

அயோடின்-131 எட்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். எனவே சில வாரங்கள் பாலைத் தவிர்த்திருந்தாலே பாதிப்பின் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். ஆனால் சோவியத் அரசு விபத்தை அறிவித்ததே ஏப்ரல் 28 ஆம் தேதி மாலையில்தான். பல கிராமங்களில் குழந்தைகள் தொடர்ந்து உள்ளூர்ப் பாலையே குடித்துவந்தனர். அண்டை நாடான போலந்து, ஒரு கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்கு நிலையான அயோடின் மருந்தை வழங்கியது.

நீடிக்கும் பாதிப்பு

விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டிருந்தவர்களில், பெலாரஸ், யுக்ரெய்ன் மற்றும் ரஷ்யாவின் மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளில், 2005 ஆம் ஆண்டுக்குள் 6,000க்கும் அதிகமானோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. இவர்களில் 15 பேர் அதுவரை உயிரிழந்திருந்தனர். இந்நோய் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. ஆனால் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை உட்கொள்ள வேண்டும்.

2011 இல் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்தைத் தொடர்ந்து, கதிரியக்கம் கண்டறியப்பட்ட பகுதிகளின் பாலுக்கு விரைவாகத் தடை விதிக்கப்பட்டது. அப்போது சீனாவில் அயோடின் கலந்த உப்பை வாங்க மக்கள் கடைகளில் திரண்டனர். ஆனால் அந்த உப்பில் உள்ள அயோடின், கதிரியக்கத்திலிருந்து பாதுகாக்கப் போதுமானதல்ல. பொட்டாசியம் அயோடைடு மாத்திரையும், உரிய நேரத்தில் உட்கொண்டால் மட்டுமே முழுப்பலன் தரும்.