காப்புநகல் மீட்டெடுப்பு

காப்புநகல் மீட்டெடுப்பு என்பது, கணினியில் அழிந்த அல்லது பழுதுற்ற தரவுகளை முன்னரே எடுத்து வைக்கப்பட்ட காப்புநகலிலிருந்து மீண்டும் பெறும் செயற்பாடு ஆகும். வன்தட்டுப் பழுது, நச்சுநிரல் தாக்குதல், கோப்புகளைத் தவறுதலாக அழித்தல் முதலிய வேளைகளில் இது தேவைப்படுகின்றது. காப்புநகல் இல்லாத நிலையில், பழுதுற்ற வட்டிலிருந்தே கோப்புகளைத் தேடி எடுப்பது தரவு மீட்பு எனப்படும்; அது வேறு முறையாகும்.

வகைகளும் மீட்கும் முறையும்

முழுக் காப்புநகலில் எல்லாக் கோப்புகளும் அடங்கும். படிப்படியான காப்புநகலில், அதற்கு முந்தைய காப்புநகலுக்குப் பின்னர் மாறியவை மட்டும் சேர்க்கப்படும். வேறுபாட்டுக் காப்புநகலில், கடைசி முழுக் காப்புநகலுக்குப் பின்னர் மாறியவை அனைத்தும் சேர்க்கப்படும்.

எடுத்துக்காட்டாக, ஞாயிறு இரவு முழுக் காப்புநகலும் ஏனைய இரவுகளில் படிப்படியான காப்புநகலும் எடுக்கப்படுகின்றன எனக் கொள்வோம். வியாழன் காலை வட்டு பழுதுற்றால் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நான்கையும் அதே வரிசையில் மீட்க வேண்டும். இடையில் ஒன்று கெட்டிருப்பினும் அதற்குப் பிந்தையவற்றை முழுமையாக மீட்க இயலாது. வேறுபாட்டு முறையில் ஞாயிறு, புதன் ஆகிய இரண்டே போதுமானவை. ஆனால் அவை கூடுதல் இடம் பிடிக்கும்.

மீட்புக் கருவிகள்

யுனிக்சில் டம்ப் என்னும் கட்டளை காப்புநகல் எடுக்கவும், ரெஸ்டோர் என்னும் கட்டளை அதனை மீட்கவும் பயன்படுகின்றன. 2007 இல் மாக் ஓஎஸ் டென் 10.5 உடன் வெளியான டைம் மெஷின், கோப்பின் பழைய நிலையை நாள்வாரியாகத் தேடி எடுக்க உதவுகின்றது. இயங்குதளமே தொடங்காதபோது, மீட்பு வட்டு அல்லது யுஎஸ்பி நினைவகம் வழியாகக் கணினியைத் தொடங்கி, வட்டுப் படிமம் முழுவதையும் புதிய வன்தட்டில் எழுதலாம்.

கிட்லேப் நிகழ்வு

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தள வழங்கியில் அழிக்க வேண்டிய கோப்புறையைத் தவறுதலாக முதன்மை வழங்கியில் அழித்தார். நாள்தோறும் காப்புநகல் எடுக்க வேண்டிய மென்பொருள், தரவுத்தளத்தின் பதிப்புடன் பொருந்தாமையால் இயங்காதிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. அதன் தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. சோதனைப் பணிக்காக ஏறத்தாழ ஆறு மணிநேரம் முன்பு எடுக்கப்பட்டிருந்த ஒரு நகலிலிருந்தே தரவுத்தளம் மீட்கப்பட்டது. இடைப்பட்ட நேரத்தில் பதிவான திட்டங்கள், கருத்துகள், பயனர் கணக்குகள் ஆகியவற்றின் விவரங்கள் இழக்கப்பட்டன.

சரிபார்த்தல்

காப்புநகல் எடுக்கப்பட்டது என்ற அறிவிப்பு மட்டும் அது மீளக்கூடியது என்பதற்குச் சான்றாகாது. எனவே குறித்த கால இடைவெளியில், மூலக் கோப்புகளின் மேல் எழுதாமல் வேறொரு வட்டில் மீட்டுப் பார்த்து, சரிகாண் தொகையை ஒப்பிட்டு, கோப்புகள் திறக்கின்றனவா எனச் சோதிப்பது மீட்டெடுப்பின் இன்றியமையாத பகுதியாகக் கருதப்படுகின்றது.