மஞ்சள் விளக்கின் பூர்விகம்

காரின் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வருவதற்கு முன்பு, எஞ்சினின் உடல்நிலையை அறிய மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கிடந்தால் காற்று அதிகம். வண்டி 'லீன்' ஓடுகிறது என்று சொல்லி, கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிவிட்டு எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அந்த வேலை விளக்கின் கைக்கு மாறிய கதை, லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்தில் தொடங்குகிறது. 1943 ஜூலையில் ஒரு நாள் நகரமே கண்ணெரிச்சலில் தவித்தது. போர்க்காலம் என்பதால், ஜப்பான் விஷவாயு வீசிவிட்டதோ என்று அஞ்சியவர்களும் உண்டு. பழி ஒரு ரசாயன ஆலையின் மேல் விழுந்தது. ஆலை மூடிக்கிடந்தபோதும் புகை விலகவில்லை.

விடை கண்டவர் கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து வெயிலில் ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். 1967இல் கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவரானார்.

1975 மாடல் அமெரிக்கக் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. அடுத்து வந்த மும்முனை கன்வெர்ட்டர் மூன்று நச்சுகளை ஒருசேரச் சுத்தம் செய்யும். ஆனால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கை ஒட்டி எஞ்சின் ஓடினால்தான். காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியேறும். இவ்வளவு நுட்பமான கணக்கை ஸ்க்ரூவால் பிடித்துவைக்க முடியாது. 1976இல் பாஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சார் வால்வோ கார்களில் ஏறியது. புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனை அது மோப்பம் பிடிக்கிறது: பெட்ரோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட், காற்று கூடினால் சுமார் 0.1 வோல்ட்.

1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்கப் பெட்ரோல் கார்களில் கணினியைப் பரவலாகப் பொருத்தியது. டாஷ்போர்டின் அடியிலுள்ள சாக்கெட்டில் இரண்டு முனைகளைப் பேப்பர் கிளிப்பால் இணைத்தால், 'செக் எஞ்சின்' விளக்கு கண்சிமிட்டியே கோளாறின் எண்ணைச் சொல்லும். நான்கு சிமிட்டல், சிறு இடைவெளி, மறுபடி நான்கு: 44. புகையில் ஆக்சிஜன் மிகுதி, எஞ்சின் லீன் என்று பொருள்.

கலிஃபோர்னியா 1988 மாடலிலிருந்து இத்தகைய சுயபரிசோதனையைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாக்கெட், ஒரு பாஷை. வெளி ஒர்க்‌ஷாப்காரர்களின் தவிப்பு 1996 மாடலில்தான் தணிந்தது: அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே 16 முனை சாக்கெட், பொதுவான குறியீடுகள். லீன் கலவைக்குப் பி0171 என்ற எண் கிடைத்தது. சிறு பட்டறைக்காரருக்கும் எஞ்சினோடு பேச வழி கொடுத்த இந்தப் பொதுமொழிதான் இந்த வரலாற்றின் பெரிய சாதனை. இந்தியாவிலோ, சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995இல் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. சுயபரிசோதனை விதி இந்தியாவுக்கு 2010இல் முதல் கட்டமாகவும் 2013இல் இரண்டாம் கட்டமாகவும் வந்தது.

எண் வந்துவிட்டதாலேயே நோய் தெரிந்துவிடாது. பி0171 என்று ஸ்கேனர் காட்டியதும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். பெரும்பாலும் அந்தச் சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கும். கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்பதை ஃப்யூயல் ட்ரிம் எண் காட்டும். கவனிக்க வேண்டியது அதை. ஐடிலில் 20 சதவீதத்துக்கு மேல் நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் எங்கோ வேக்யூம் லீக். வேகமும் பாரமும் ஏற ஏற அந்த எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், அடைத்த ஃபில்டர், அழுக்கேறிய காற்றோட்டச் சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

லீக்கைத் தேட, இன்டேக் குழாய்க்குள் மெல்லிய புகையைச் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் ரப்பர் ஹோஸின் மடிப்பிலோ கேஸ்கெட்டின் ஓரத்திலோ நூல்போலப் புகை கசியும். அந்த இடத்தைச் சரிசெய்து, கோளாறு எண்ணை அழித்து, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவந்து ட்ரிம் எண்ணை மறுபடி பார்க்கிறார்கள்.