தென்றலுக்குச் சாய்ந்த கம்பம்

சிங்கப்பூரில் 1963 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15 ஆம் நாள் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. பின்னர், சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் ஓட்டுக் கூரைகளில் ஆண்டெனாக்கள் முளைத்தன. என் சிறுவயதில் எங்கள் வீட்டு ஆண்டெனா, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இரவெல்லாம் முனகும். வியப்பு என்னவெனில், கடுஞ்சூறையில் அது வாய் திறவாது, இளங்காற்றிலேதான் இசைக்கும். வானொலி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அலுமினியக் குழாய்களுக்குள் பழங்கயிற்றைச் செருகி முனைகளை அடைத்தார். முனகல் நின்றது. காரணம், பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் பௌதிக நூல் ஒன்றைப் புரட்டும்வரை எனக்கு விளங்கவில்லை.

காற்று ஓர் உருளையைக் கடந்து செல்கையில், அதன் பின்னே இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழல்கள் கழல்கின்றன. ஒவ்வொரு சுழலும் உருளையைப் பக்கவாட்டில் இழுக்கிறது. இதன் கணக்கை ஸ்ட்ரௌஹால் என்னும் செக் அறிஞர் 1878 இல் வெளியிட்டார். காற்றின் வேகத்தை விட்டத்தால் வகுத்து, அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கொண்டால், நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது கிட்டும். 12 மில்லிமீட்டர்க் குழாயை நொடிக்கு 6 மீட்டர் வேகக் காற்று 100 முறை அசைக்கும். அவ்வெண் குழாயின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துவிட்டால் அசைவு பெருகிக்கொண்டே போகும்.

1984 ஏப்ரல் 25 அன்று நம் தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகச் சூறை பதிவாயிற்று. அத்தகைய காற்றைத் தாங்க வலிமை வேண்டும். ஆயினும் சூறையின் வேகம் கணந்தோறும் மாறுவதால் அது தாளம் பிடிப்பதில்லை. தாளம் பிடிப்பது சீரான மென்காற்றே.

இங்கிலாந்தின் எம்லி மூரில் 385 மீட்டர் உயர ஒளிபரப்புக் கம்பம் 1969 மார்ச் 19 அன்று வீழ்ந்தது. அதன் பெரும்பகுதி 2.75 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய். அன்று புயல் இல்லை. கம்பத்திலும் கம்பிவடங்களிலும் பனிக்கட்டி படிந்திருந்தது. வேகங்குறைந்த, சீரான காற்றில் எழுந்த ஊசலே காரணமென விசாரணைக் குழு கண்டது. நல்வேளையாக எவரும் மாயவில்லை.

உருளையின்மேல் திருகு வடிவில் தகடு சுற்றினால் சுழல்கள் ஒன்றுசேராது சிதறும் என்பதை ஸ்க்ரூட்டன் என்னும் ஆங்கிலேயர் 1950 களிலேயே கண்டிருந்தார். ஆயினும் பெல்மாண்ட், விண்டர் ஹில் ஆகிய இடங்களில் நின்ற அதேவகைக் கம்பங்களைக் காக்கப் பொறியாளர்கள் வேறு வழி கொண்டனர். அவற்றின் உள்ளே ஏறத்தாழ 150 டன் எஃகுச் சங்கிலிகளைத் தொங்கவிட்டனர். கம்பம் அசைந்தால் சங்கிலி மோதி உராயும். அசைவின் ஆற்றல் வெப்பமாகித் தேயும். எங்கள் கூரையில் அந்தப் பெரியவர் செருகிய கயிறு செய்ததும் இதே வேலைதான்.