மூணாற்றின் முன்வாசல்

செலவு கையைக் கடிக்காமல், கூட்டத்தில் இடிபடாமல், வெள்ளைக்காரன் காலத்து மலையூர் ஒன்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று கேட்பவருக்கு ஊட்டி, கொடைக்கானலுக்கு அடுத்தபடியாக மூணாற்றைக் கைகாட்டுவது வழக்கம். போகும் வழியைக் கேட்டால் கொச்சி, கோதமங்கலம், அடிமாலி என்று வரிசையாகச் சொல்வார்கள். போடிநாயக்கனூர் வழியைப் பற்றிக் கேட்டால், "பின்பக்கமாகவும் ஒரு ரோடு இருக்கிறது" என்பார்கள். அந்தப் பின்பக்கத்து ரோடு மலையேறி முடியும் இடம்தான் போடிமெட்டு. பின்வாசல் என்று இன்று பெயர் வாங்கியிருக்கும் இந்த வழிதான் ஏறக்குறைய 1931 வரை அந்த மலைக்கு முன்வாசலாக இருந்தது. அரிசியும் ஆளும் இந்தப் பக்கமாக ஏறின, தேயிலையும் ஏலக்காயும் இந்தப் பக்கமாக இறங்கின. காசைக் கணக்குப் பார்த்துப் போடியில் பஸ் ஏறுபவர், வரலாறு ஏறிய அதே பக்கமாகத்தான் மூணாற்றுக்குள் நுழைகிறார்.

போடிமெட்டை ஊர் என்று சொல்வதற்கே கொஞ்சம் தாராள மனசு வேண்டும். அடிவாரத்து முந்தலைத் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் உறுமி ஏறி நின்றால், இரண்டு மாநிலச் சோதனைச் சாவடிகள், சில டீக்கடைகள், தோட்டத்து ஜீப்புகள், காற்று. மணிக்கூண்டோ கிளப்போ ஏரியோ கிடையாது. கீழே ஆயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் வெயிலில் கிடக்கும் போடியிலிருந்து, ஒரு மணி நேரத்துக்குள் நாலாயிரம் அடிக்கு மேல் வந்துவிட்டோம் என்பதைக் காது அடைப்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மலைத்தொடரில் மெட்டுகள் பல. கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு, தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்துமெட்டு, சதுரங்கப்பாறைமெட்டு என்று பெயர்களைக் கோத்துப் பார்த்தால், சமவெளி ஊர் ஒவ்வொன்றும் மலைக்குள் போகத் தனக்கென்று ஒரு வாசல் வைத்திருந்தது புரியும். போடி, கம்பம் என்று மெட்டுக்கு அடிவார ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டிருப்பதும் கவனிக்க வேண்டியது. பெயர் வைத்தவர்கள் கீழிருந்து மேலே பார்த்தவர்கள்.

இந்த மலையின் கதையை வெள்ளைக்காரரிடமிருந்து தொடங்குவது ஒரு பழக்கமாகிவிட்டது. திப்பு சுல்தான் திருவிதாங்கூரிலிருந்து பின்வாங்கியபோது அவரை மறிக்க, பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி 1790 வாக்கில் ஒரு படையோடு போடி வழியாக இந்த மலையைக் கடந்தார், இங்கே கால் வைத்த முதல் ஆங்கிலேயர் அவர்தான் என்று மூணாற்றைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும். வெல்லெஸ்லி இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததே 1797-இல். திப்பு திருவிதாங்கூரை விட்டுப் போய் அதற்குள் ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. கதை பொய்யாக இருந்தாலும் அதில் ஒரு விஷயம் சுவாரஸ்யமானது. மலையைக் கடக்க வேண்டும் என்றால் போடியிலிருந்துதான் ஏற வேண்டும் என்பதைக் கதை கட்டியவரே தன்னையறியாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். வெல்லெஸ்லியை விட்டுவிட்டு மலையில் இருந்தவர்களைக் கேட்டால் பதில் இன்னும் தெளிவாக வரும். மலையின் பழங்குடிகளான முதுவர்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். மலைக்கு உரிமை கொண்டாடிய பூஞ்சாற்று அரச குடும்பம் தன்னைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொண்டது, மீனாட்சியைக் குலதெய்வமாகக் கும்பிட்டது. இவையெல்லாம் கல்வெட்டுச் சான்றாகா, வாய்மொழி மரபுகள்தான். ஆனால் இரண்டும் ஒரே திசையில் கை நீட்டுகின்றன. 'கண்ணன் தேவன்' என்று டீத்தூள் பாக்கெட்டில் அச்சாகும் பெயரும் மலையின் பெயரிலிருந்து தேயிலைக் கம்பெனி எடுத்துக்கொண்டதுதான்.

1877 ஜூலை 11-ஆம் தேதி ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து சுமார் 227 சதுர மைல் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய், வருஷத்துக்கு 3,000 ரூபாய். இந்தத் தேதியைத்தான் மூணாற்றின் பிறந்தநாளாக எழுதுவார்கள். மன்றோ இந்த மலையை எப்படி அறிந்தார் என்பதைப் பலரும் கேட்பதில்லை. அவர் திருவிதாங்கூர் அரசின் ஏலமலைக் கண்காணிப்பாளர். தேயிலை வருமுன்னே அதிகாரி ஒருவரை வைத்துக் காவல் காக்க வேண்டிய அளவுக்கு ஏலக்காய்ப் பணம் அங்கே புழங்கியது என்று அர்த்தம். ஏலக்காய் அப்போது அரசின் தனியுரிமை. விளைந்த காயை அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அது ஆலப்புழைக் கிடங்குக்குப் போய் விற்கப்படும், விளைவித்தவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். விளைவித்தவர்களில் கணிசமானவர்கள் போடி, கம்பம் பக்கத்து விவசாயிகள். காட்டையும் ஆற்றையும் தாண்டி மேற்கே ஆலப்புழை எங்கேயோ இருந்தது. கிழக்கே மெட்டில் நின்று எட்டிப் பார்த்தால் சொந்த ஊர் தெரிந்தது. காய் எந்தப் பக்கம் கள்ளத்தனமாக நழுவும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. மெட்டுகளில் காவல் போட்டும் தனியுரிமை நிலைக்கவில்லை. 1896-இல் அரசு அதைக் கைவிட்டு, நிலத்துக்கு வரி வாங்கிக்கொள்ளும் முறைக்கு மாறியது. அதற்குப் பிறகு காய் போடிச் சந்தைக்கு ராஜபாட்டையிலேயே இறங்கலாம் என்றாயிற்று.

தேயிலையும் வேறு பக்கம் போகவில்லை. 1880-இல் ஏ. எச். ஷார்ப் பார்வதி மலையில் முதல் தேயிலையை நட்டார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டி ஓடியது. 1908-இல் அது இரண்டடி அகலப் பாதையாகி எஞ்சின் வந்தது. டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி, சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர். 1928-இல் போடிக்கு ரயில் வரும்வரை அதற்கும் அப்பால் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் வரை வண்டிதான். இவ்வளவு சுற்றுக்கும் காரணம் மலையின் உடம்பிலேயே இருக்கிறது. மேற்குச் சரிவு நீளமானது, ஆறும் அடர்காடும் மழையும் நிறைந்தது. கிழக்குச் சரிவு செங்குத்து, ஆனால் குட்டை. இறங்கி முடித்தால் காய்ந்த நிலத்தில் வண்டிப்பாதை. பக்கத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கு, 1895-இல் பெரியாற்று அணை முடிந்த பிறகு இருபோகம் விளையும் வயல்கள். தோட்டத்தில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான வயிறுகளுக்கு அரிசி அங்கிருந்துதான் ஏற முடியும்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். கம்பிவடம் இறங்கியது கொட்டகுடிக்கு, போடிமெட்டுக்கு அல்ல, அப்படியிருக்க போடிமெட்டை முன்வாசல் என்பது ஊர்ப்பெருமை பேசுவதாகாதா? கேள்வி நியாயமானது. கம்பெனியின் பெட்டிகளைப் பொறுத்தவரை டாப் ஸ்டேஷன்தான் பிரதான வழி, போடிமெட்டு துணை வழி. ஆனால் பெட்டிகள் மட்டுமே வரலாறு என்றால், கம்பெனியின் கணக்குப் புத்தகத்தையே ஊரின் வரலாறாக ஒப்புக்கொள்வதாகிவிடும். கம்பிவடத்தில் ஏலக்காய் விவசாயி ஏறவில்லை. கங்காணி பிடித்து வந்த ஆட்களும் அதில் தொங்கி வரவில்லை, நடந்து ஏறினார்கள். இன்னொன்று, இரண்டு வழிகளும் கடைசியில் ஒரே ஊரில்தான் போய்ச் சேர்ந்தன. வாசலுக்கு இரட்டைக் கதவு இருந்தது என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. 1924 ஜூலை வெள்ளம் குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போனது, அதற்குப் பிறகு அந்தப் பாதை திரும்ப ஓடவேயில்லை. சாலையாக உயிர்தப்பி இன்றும் மக்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பது போடிமெட்டுக் கதவுதான்.

அந்த வெள்ளம்தான் வீட்டையே திருப்பிப் போட்டது. மேற்கே ஆலுவாவிலிருந்து புதிய சாலை 1931-இல் மூணாற்றுக்கு வந்தது. 1935-இல் நேரியமங்கலம் பாலம் திறந்தது. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியபோது, இந்த மலை திருவிதாங்கூருக்கு விளக்கெரிக்கும் மலையாகவும் ஆகிவிட்டது. அதன் விலையை 1955-இல் தெரிந்துகொள்ள முடிந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. தேவிகுளத்தில் தமிழர்தான் பெரும்பான்மை என்பதை மாநிலச் சீரமைப்புக் குழு மறுக்கவில்லை. இருந்தாலும் பொருளாதாரக் காரணங்களை முன்வைத்து அவை கேரளத்துக்கே என்று பரிந்துரைத்தது. தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன, மலை அந்தப் பக்கம் நின்றது. 1956 நவம்பர் 1-க்குப் பிறகு போடிமெட்டு மாநில எல்லை. வாசல்படியாக இருந்த இடம் வேலியாக மாறியது என்று கண்ணீர் விடுவது எளிது. மெட்டு அதற்கு முன்னும் எல்லையாகத்தான் இருந்தது, ஒரு பக்கம் சமஸ்தானம், மறுபக்கம் வெள்ளைக்காரன் ராஜ்ஜியம். காவல் எப்போதும் இருந்தது, ஆள் நடமாட்டமும் எப்போதும் இருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. முதுவர் நடந்தார்கள், விவசாயி ஏலம் போட்டார், எல்லாம் சரி. ஆனால் லண்டன் பணமும் கிளாஸ்கோ கம்பெனியும் இல்லாமல் தேயிலையும் இல்லை, ரயிலும் இல்லை, ஊரும் இல்லை, பின்னே அதைக் காலனி ஊர் என்று சொல்வதில் என்ன தப்பு? தப்பில்லை. முதல் இல்லாமல் தோட்டம் இல்லை. என் வழக்கு வேறு. பங்களா, சர்ச், கிளப் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு ஒரு காலனி ஊரைப் பார்த்துவிட்டதாக நினைப்பது, வீட்டின் வரவேற்பறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதைப் போன்றது. காலனி என்பது ஓர் ஏற்பாடு. பணம் ஒரு பக்கமிருந்தும் ஆள் இன்னொரு பக்கமிருந்தும் வந்து சேர்வதில்தான் அது இயங்கியது. பணம் வந்த பக்கத்தின் கட்டிடங்கள் கல்லில் நிற்கின்றன. ஆள் வந்த பக்கத்துக்கு அடையாளம் ஒரு பாதை மட்டும்தான்.

அந்தப் பாதை இன்னும் வேலையில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே போடி, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. பூப்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களில் அவர்களுக்குக் காய் எடுப்பு. ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை. தூரை ஒட்டி மண்ணில் படரும் சரத்தில்தான் தொங்கும். குனிந்தும் குந்தியும், முற்றிய காயை மட்டும் விரலால் தேர்ந்து எடுக்க வேண்டும். அதே செடிக்கு ஒன்றரை மாதத்தில் திரும்ப வர வேண்டும். எடுத்த காய் ஸ்டோரில் சூட்டில் வாடி, ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கி, எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று சலிக்கப்பட்டு மெட்டு இறங்கிப் போடிக்குப் போகிறது. அங்கே ஏலக்காய் ஏலம். செடியின் பெயர் நம்முடையது, கூவி விற்பதன் பெயர் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. இரண்டும் ஒரே எழுத்தில் வந்து முட்டிக்கொண்டது தற்செயல்தான், ஆனால் போடிக்குப் பொருத்தமான தற்செயல். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்து எல்லைப் பாதைகள் அடைபட்டபோது, செடியிலேயே காய் பழுத்தது, கூலி இல்லாமல் இந்தப் பக்கத்து வீடுகளில் அடுப்பும் அடங்கியது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதை எந்த ஆவணமும் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

சிக்கனமாகப் போவதால் மட்டும் வரலாறு புரிந்துவிடுமா என்று ஒருவர் கேட்டால், புரியாது என்பதுதான் பதில். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பதினேழு வளைவையும் கடக்கலாம். பழைய பாதையில் நடந்தே பார்க்கிறேன் என்று வனத்துறை அனுமதியில்லாமல் கிளம்புவதும் கூடாது. 2018 மார்ச்சில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் வேகமும் சொகுசும் மறைத்துவிடுகிற சிலவற்றைப் பஸ் காட்டித்தான் தீரும். ஜீப்புக்கு ஒதுங்கி வழிவிட அது வளைவில் நிற்க வேண்டும், சாவடியில் நிற்க வேண்டும். மெட்டிலிருந்து மூணாறு வரையிலான 42 கிலோமீட்டரும் அகலப்படுத்தப்பட்டு 2024-இல் திறக்கப்பட்டுவிட்டது, இனி கார்கள் இங்கே டீக்குக்கூட நிற்க வேண்டியதில்லை. கீழே, 2010 கடைசியில் நின்றுபோன மதுரை ரயில் அகலப்பாதையாகி 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மறுபடி வருகிறது. 1928-இல் தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் தண்டவாளம் எங்கே முடிந்ததோ, இன்றும் அங்கேயேதான் முடிகிறது. அதற்கு மேலே பஸ்தான்.