பூஜாங் பள்ளத்தாக்கும் பயண ஆவணப்படங்களும்

கெடா மாநிலத்தில் ஜெராய் மலையடிவாரத்தில் அமைந்த பூஜாங் பள்ளத்தாக்கு, தமிழ்ப் பயண ஆவணப்படங்கள் விரும்பி நாடும் களமாகும். முதலாம் இராசேந்திரன் 1025இல் கடாரம் கொண்ட செய்தியோடு தொடங்கி, புக்கிட் பத்து பகாட் கோயிலை அவ்வெற்றியின் சின்னம்போலக் காட்டுவது அவற்றில் வழக்கமாகிவிட்டது. தஞ்சைக் கல்வெட்டோ கடாரம் கொண்டதைக் கூறுமேயன்றி, ஆங்குக் கோயில் எடுப்பித்ததைக் கூறாது.

இன்று காணப்படும் கருங்கல் மேடை, 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்ததை அலஸ்டெயர் லேம்ப் 1960 அளவில் மீட்டமைத்தது. அதன்மீதுள்ள தூண்தாங்கு கற்கள், மேற்கட்டுமானம் மரத்தாலானது என உணர்த்துகின்றன. சோழர் கற்றளி மரபு இஃதன்று. அருங்காட்சியக வளாகத்திலுள்ள பிற கோயில்களுட் சில வேற்றிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவை. அனைத்தையும் ஒரே காட்சியில் அடக்கும் படக்கருவி, என்றும் இருந்திராத கோயில் நகரொன்றைப் படைத்துவிடுகிறது.

செபராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த, மாலுமி புத்தகுப்தனின் வடமொழிக் கல்வெட்டு சோழப் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டு முந்தியது. அது கல்கத்தாவில் இருப்பதாலோ என்னவோ, படக்குழுவினர் கண்ணில் படுவதில்லை. கடாரத்தரசர் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஊர் அளித்ததை ஆனைமங்கலச் செப்பேடு கூறும்; படையெடுப்புக்கு முந்தைய அந்நட்பும் திரையில் அரிது.

சுங்கை பத்துவின் 11ஆம் எண் கோயில் 2013இல் நிலமேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது. அதற்கு முன் அவ்வழிச் சென்ற எவரேனும் தற்செயலாய்ப் பிடித்த காட்சிகூட இன்று முதன்மைச் சான்றாகும். ஆகவே, படத்தொகுப்பில் வெட்டி ஒதுக்கியவற்றையும் நாள், இடக் குறிப்புகளுடன் ஆய்வு நூலகங்கள் பெற்றுப் பாதுகாத்தல் வேண்டும்.