துலைத்துலாவில் இரண்டு நாட்கள்

அந்தலூஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம் இல்லங்களில் நினைவுக்கு வருபவை இரண்டே ஊர்கள். ஒன்று குர்துபா, மற்றொன்று கர்னாத்தா. முன்னதன் பள்ளிவாசலையும் பின்னதன் அல் ஹம்ரா மாளிகையையும் பற்றி நம் பேச்சாளர்கள் உருக்கமாகப் பேசக் கேட்டிருக்கிறோம். துலைத்துலாவைப் பற்றிப் பேசுவோர் அரியர். முஸ்லிம்களின் கையில் இருந்த காலத்தைவிட, அவர்கள் கையை விட்டுப் போன பின்னரே அவ்வூர் அறிவுலகில் பெரும்புகழ் அடைந்தது என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். இழந்த ஊரில் நமக்கு என்ன பெருமை என்று எண்ணி விட்டோம் போலும்.

ஸ்பானியர் அதனைத் தொலேடோ என்பர். நான் மாட்ரிட் நகரில் பயின்று கொண்டிருந்தபோது ஒரு வார இறுதியில் நண்பர்கள் நால்வராக அவ்வூருக்குச் சென்றோம். இருவர் ஸ்பானியர், ஒருவர் மொராக்கோ நாட்டவர், நான்காமவன் நான். அதிவேக ரயிலில் அரைமணி நேரப் பயணமே. வந்து இறங்கிய ரயில் நிலையம் அரபு பாணி வளைவுகளோடு ஒரு சிற்றரண்மனை போல நின்றது. “இதைக் கட்டிய சுல்தான் யார்?” என்று மொராக்கோ நண்பர் வேடிக்கையாகக் கேட்டார். 1919இல் திறக்கப்பட்ட நிலையம் அது. நாட்டிலிருந்த கடைசி முஸ்லிம் வழித்தோன்றல்களையும் வெளியேற்றி முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னர், அவர்களுடைய கட்டடக் கலையின் மீது ஸ்பானியருக்குக் காதல் பிறந்திருக்கிறது!

தாஹோ ஆறு மூன்று புறமும் அகழி போல வளைந்தோட, நடுவே பாறைக் குன்றின் மீது நகரம் அமைந்திருக்கிறது. அல்காந்தரா என்ற பழைய பாலத்தின் வழியே உள்ளே நுழைந்தோம். ‘அல் கன்தரா’ என்றாலே அரபு மொழியில் பாலம்தான். பொருள் மறந்து போய், பாலத்துக்குப் ‘பாலம்’ என்றே பெயர் நிலைத்து விட்டது.

விஸிகோத் அரசர்களின் தலைநகராக இருந்த இவ்வூர், தாரிக் இப்னு ஸியாதின் படையெடுப்பின்போது முஸ்லிம்களின் வசமாயிற்று. ஏறத்தாழ 370 ஆண்டுகள் அவர்கள் வசமே இருந்தது. அக்காலத்துப் பள்ளிவாசல்களுள் உருக்குலையாமல் எஞ்சியிருப்பது பாபுல் மர்தூம் வாயிலருகே உள்ள சிறு பள்ளியாகும். பக்கத்துக்கு எட்டு மீட்டர் அளவே உள்ள சதுரக் கட்டடம். நான்கு தூண்கள், அவற்றின் தலைப்பகுதிகள் விஸிகோத் காலத்துப் பழைய கற்கள். மேலே ஒன்பது சிறு விதானங்கள். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. முகப்பில் செங்கற்களையே எழுத்தாக அடுக்கிக் கூஃபி லிபியில் ஒரு வாசகம் அமைத்திருக்கிறார்கள். மொராக்கோ நண்பர் தட்டுத் தடுமாறி அதனைப் படித்தார். அஹ்மது இப்னு ஹதீதி என்பவர் தம் சொந்தப் பணத்தில் இப்பள்ளியைக் கட்டுவித்தார் என்றும், ஹிஜ்ரி 390ஆம் ஆண்டு முஹர்ரம் மாதத்தில் வேலை நிறைவுற்றது என்றும் அது கூறுகிறது. கி.பி. 999ஆம் ஆண்டின் இறுதி அது. கட்டிய கொத்தனாரின் பெயரும் அதிலேயே இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பின்னாளில் ஒரு பக்கத்தை இடித்து நீட்டி இதனைத் தேவாலயம் ஆக்கினர். இன்று நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கும் இடம்.

குர்துபாவின் கிலாஃபத் சிதறியபின் துலைத்துலா ஒரு சிற்றரசின் தலைநகராயிற்று. சிற்றரசேயாயினும் அங்கு வாழ்ந்த அறிஞர்கள் சிறியோர் அல்லர். வானியல் கருவிகளைச் செய்வதில் ஈடற்றவரான அல் ஸர்காலீ அவ்வூரில் பணியாற்றியவர். 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூல் அவர் பெயரைக் குறிப்பிடுகிறது. அவ்வூரின் காழியாக இருந்த ஸாயித் அல் அந்தலுஸீ 1068இல் ‘தபகாத்துல் உமம்’ என்ற நூலை எழுதினார். அறிவுத்துறைகளை வளர்த்த இனங்கள் எட்டு என்று கணக்கிட்ட அப்பெரியார், முதலிடத்தில் வைத்தது இந்தியரை! அரபியரை அவர் முதலில் வைக்கவில்லை. நீதிபதியின் தராசு அது.

1085ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசர் ஆறாம் அல்ஃபோன்ஸோவிடம் நகரம் சரணடைந்தது. பெரிய பள்ளிவாசல் முஸ்லிம்களிடமே இருக்கும் என்ற வாக்குறுதி நெடுநாள் நிலைக்கவில்லை, அது தேவாலயமாக்கப்பட்டது. பின்னர் அதனை இடித்துவிட்டு, 1226இல் தொடங்கிக் கட்டியதே இன்றுள்ள மாபெரும் கதீட்ரல். ஆனால் நூல்கள் இடிபடவில்லை. அரபு மொழியும் உடனே மறையவில்லை. அரபு பேசிய கிறிஸ்தவக் குடிமக்கள் தங்கள் நிலப் பத்திரங்களை மேலும் இருநூறு ஆண்டுகள் அரபு மொழியிலேயே எழுதி வந்தனர். அத்தகைய பத்திரங்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன.

இந்த நூல்களைத் தேடித்தான் ஐரோப்பாவின் மாணவர்கள் துலைத்துலாவுக்கு வந்தனர். இத்தாலியின் கிரமோனாவைச் சேர்ந்த ஜெரார்ட் என்பவர் தாலமியின் வானியல் நூலான அல்மஜஸ்தியைப் படிக்க ஆசைப்பட்டார். இலத்தீன் மொழியில் அது அகப்படவில்லை. அரபு மொழியில் இருக்கிறது என்று கேட்டு இவ்வூருக்கு வந்து, நூலுக்காகவே மொழியைக் கற்றார். ஒரு நூலுக்காக வந்தவர் ஊர் திரும்பவில்லை. 1187இல் இறப்பதற்குள் எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை இலத்தீனாக்கினார். இப்னு ஸீனாவின் ‘கானூன்’, அல் குவாரிஸ்மீயின் ‘அல்ஜப்ர்’, அல் ஸஹ்ராவீயின் அறுவை மருத்துவம் ஆகியவை அவற்றுள் அடங்கும். எதிலும் தம் பெயரைப் பொறிக்காததால், அவர் மறைந்தபின் மாணவர்களே பட்டியல் எழுதி வைத்தனர். டேனியல் என்ற ஆங்கில மாணவர் முதலில் பாரிசுக்குச் சென்றார். அங்கிருந்த ஆசிரியர்களின் அறியாமையைக் கண்டு மனம் வெறுத்துத் துலைத்துலாவுக்கு வந்து, நூற்சுமையோடு நாடு திரும்பினார். ஜெரார்டுக்குத் துணையாயிருந்த காலிப் என்ற உள்ளூர் அரபுக் கிறிஸ்தவரைப் பற்றி நாம் அறிவதும் இந்த டேனியல் வாயிலாகவே.

மொழிபெயர்ப்பு நடந்த விதம் வியப்பானது. ஆன்மாவைப் பற்றிய இப்னு ஸீனாவின் நூலை இப்னு தாவூத் என்ற யூத அறிஞர் சொல் சொல்லாக ஊர்ப் பேச்சுமொழியில் பெயர்த்துச் சொல்ல, குந்திஸால்வோ என்ற பாதிரியார் அதனை இலத்தீனில் எழுதினார். முஸ்லிமின் நூல், யூதரின் நா, கிறிஸ்தவரின் பேனா! இதைக் கொண்டு அனைத்தும் அன்பினால் நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இதே ஊரில் 1210ஐ ஒட்டி மார்க் என்ற பாதிரியார் திருக்குர்ஆனை இலத்தீனாக்கியது இஸ்லாத்தை மறுத்து வாதிடுவதற்காக. நோக்கம் எதுவாயினும், அரபு மொழியைக் கற்கும் சிரமத்தை அவர்கள் தவிர்க்கவில்லை.

மொழிபெயர்ப்பில் பிழைகளும் நேர்ந்தன. ஒரு பிழை நம் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. வட்டத்தின் நாணை வடமொழிக் கணித நூலார் ‘ஜீவா’ என்றனர். அரபியர் அதை ஒலியளவில் ‘ஜீப’ என எடுத்துக்கொண்டனர். உயிர்க்குறி இல்லாமல் எழுதப்பட்ட அச்சொல்லை ‘ஜைப்’ என்று படிப்பது எளிதாயிற்று. ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு. நாம் சட்டையில் வைத்துக்கொள்ளும் ‘ஜேப்பு’ம் அச்சொல்லிலிருந்து வந்ததே. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனாக்கியவர்கள் பொருளைப் பெயர்த்து, மடிப்பைக் குறிக்கும் ‘சைனஸ்’ என்று எழுதினர். அதுவே ‘சைன்’ என்று சுருங்கி நம் பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பி வந்தது. வில்லின் நாண் சட்டைப் பையாகி வந்த கதையை அன்றிரவு விடுதியில் நான் சொன்னபோது, பொறியியல் பயின்ற ஸ்பானிய நண்பர் நெடுநேரம் சிரித்துக் கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. கதீட்ரலைப் பார்க்கச் சென்றோம். இவ்வூரின் பேராயர் பதவியை வகித்தவர்களுள் மொழிபெயர்ப்பாளர்களை ஆதரித்தவர்கள் உண்டு. இப்னு தாவூதின் அந்த நூலே ஒரு பேராயருக்குக் காணிக்கை ஆக்கப்பட்டது. 1495இல் அதே பதவிக்கு வந்தவர் ஸிஸ்னெரோஸ். கர்னாத்தா வீழ்ந்து சில ஆண்டுகளில், 1500ஐ ஒட்டி, அந்நகரின் சதுக்கத்தில் அரபு நூல்களைக் குவித்துத் தீயிட்டவர் அவரே. மருத்துவ நூல்களை மட்டும் ஒதுக்கி எடுத்துக்கொண்டார். நோய் வந்தால் வேண்டுமல்லவா!

இதைச் சொல்லி நான் கொதித்தபோது மொராக்கோ நண்பர் அமைதியாக ஒன்று கேட்டார்: “இப்னு ருஷ்தின் நூல்களை எரித்தவர் யார்?” உண்மைதான். 1195இல் அம்மேதையை நாடு கடத்தி, அவருடைய தத்துவ நூல்களை எரிக்கச் செய்தவர் முவஹ்ஹிதீன் கலீஃபா அல் மன்சூர். ஆன்மாவைப் பற்றி இப்னு ருஷ்து எழுதிய பேருரையின் அரபு மூலம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. முழுநூல் எஞ்சியிருப்பது இலத்தீனில். அதனைப் பெயர்த்த மைக்கேல் ஸ்காட் 1217இல் இதே துலைத்துலாவில் பணிபுரிந்தவர். அந்தலூஸின் நூல்கள் அனைத்தையும் அழித்தவர்கள் பிறரே என்று மேடையில் முழங்குவோர் இந்த இரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. நான் அன்று வேறு பதில் சொல்லவில்லை.

அந்தப் புகழ்பெற்ற மொழிபெயர்ப்புப் பள்ளி எங்கே இருந்தது என்று கடைத்தெருவில் இருவரிடம் விசாரித்தோம். வாள் விற்பவர் ஒருவர் ஒரு திசையையும், பாதாம் இனிப்பு விற்பவர் வேறொரு திசையையும் காட்டினர். இருவர் மீதும் தவறில்லை. அப்படியொரு கட்டடம் இருந்ததற்குச் சான்றே இல்லை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. இருந்தவை நூல்கள், அவற்றைச் சுற்றி உட்கார்ந்த மனிதர்கள்.

அந்தப் பெயரில் இன்று ஒரு நிறுவனம் உண்டு. 1994இல் ஒரு பல்கலைக்கழகத்தின் அங்கமாகத் தொடங்கப்பட்டு, அரபு நூல்களையும் ஹீப்ரு நூல்களையும் ஸ்பானிய மொழிக்குப் பெயர்க்கும் பயிற்சி அளித்து வருகிறது. தேடிப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கதவு பூட்டியிருந்தது. மொராக்கோ நண்பர் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, சேர்க்கைக்கு யாரை அணுகுவது என்று ஸ்பானிய நண்பரிடம் விசாரிக்கத் தொடங்கினார்.