சரிவு நில டிராக்டர்

சரிவு நில டிராக்டர் என்பது மலைச்சரிவிலும் குன்றுப்புறத்திலும் அமைந்த விளைநிலங்களில் உழவு, களையெடுப்பு, சுமையிழுப்பு ஆகிய வேலைகளைக் கவிழாமல் செய்வதற்கேற்ற அமைப்புடைய இழுவை இயந்திரமாகும். ஆல்ப்ஸ் மலை நாடுகளில் இது தனி வகையாகவே வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டிலோ அதற்கெனச் செய்யப்பட்ட வண்டி பரவலாகக் கிடைப்பதில்லை. ஆகவே சமவெளிக்கென உருவான டிராக்டர்களுள் சரிவைத் தாங்கக்கூடியது எது என்று தேர்ந்தெடுப்பதே இங்கு நடைமுறையாக இருந்துவருகிறது.

நிலமும் சரிவும்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கு மேற்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வேப்பூரைச் சுற்றிய நிலம் கிழக்கு நோக்கி மெல்லத் தாழும் சமவெளியாகும். மக்காச்சோளம், பருத்தி, கரும்பு முதலியன விளையும் இவ்வட்டாரத்தில் டிராக்டர் தேர்வு பெரும்பாலும் குதிரைத்திறனையும் விலையையும் டீசல் செலவையும் பற்றியதாகவே அமைகிறது. ஆனால் இங்கிருந்து சின்னசேலம் அல்லது கள்ளக்குறிச்சி வழியாக வடமேற்கே சென்றால் எதிர்ப்படும் கல்வராயன் மலையில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இம்மலை, கோமுகி, மணிமுத்தாறு ஆகிய ஆறுகளின் பிறப்பிடமாகும். அந்த மணிமுத்தாற்றின் கரையிலேயே விருத்தாசலம் அமைந்துள்ளது. மலைவாழ் மலையாளி மக்கள் இங்குச் சாமை, கேழ்வரகு, நெல் ஆகியவற்றோடு, சேலம், ஆத்தூர் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளியையும் பயிரிடுகின்றனர். 1976ஆம் ஆண்டு வரை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த பகுதியாதலால், சாலையும் அதன்வழி இயந்திரமும் இம்மலைக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தன.

சரிவை அளக்க இரண்டு முறைகள் உள்ளன. கிடைமட்டமாக நூறு மீட்டர் செல்லும்போது நிலம் எத்தனை மீட்டர் உயர்கிறது என்பதே விழுக்காட்டுச் சரிவு. கிடைமட்டக் கோட்டோடு நிலம் செய்யும் கோணம் பாகைச் சரிவு. 100 விழுக்காடு என்பது 45 பாகையேயன்றிச் செங்குத்து அன்று. 33 விழுக்காடு ஏறத்தாழ 18 பாகையும், 16 விழுக்காடு ஏறத்தாழ 9 பாகையும் ஆகும். மண்வளப் பாதுகாப்பு நூல்கள் மென்சரிவுகளுக்குச் சமமட்ட வரப்பையும், ஏறத்தாழ 16 முதல் 33 விழுக்காடு வரையிலான சரிவுகளுக்குப் படிக்கட்டு வடிவ மேடைகளாகிய படித்தளங்களையும் பரிந்துரைத்து, அதற்கு மேற்பட்ட நிலத்தை மரப்பயிருக்கும் காட்டுக்கும் விட்டுவிடச் சொல்கின்றன. உதகமண்டலத்தில் 1954ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் நீலகிரியின் உருளைக்கிழங்கு நிலங்களில் இத்தகைய படித்தளங்களை நெடுங்காலம் ஆய்ந்துள்ளது. மண்ணைக் காப்பதற்காக வகுக்கப்பட்ட இந்த எல்லை, வண்டி கவிழ்வதைத் தடுப்பதற்கும் ஏறத்தாழப் பொருந்திவருவது பின்னர் காட்டப்படும் கணக்கால் விளங்கும்.

வரலாறு

சரிவில் இயந்திர உழவின் முதல் தீர்வு, இயந்திரத்தைச் சரிவில் இறக்காமல் இருப்பதே ஆகும். இங்கிலாந்தின் ஜான் ஃபௌலர் நீராவிப் பொறியை வயலின் ஓரத்தில் நிறுத்தி, கம்பிவடத்தால் கலப்பையை மட்டும் இழுக்கும் முறையை உருவாக்கி, 1858ஆம் ஆண்டு அந்நாட்டு வேளாண் கழகத்தின் 500 பவுன் பரிசைப் பெற்றார். கனத்த பொறி ஈரநிலத்தில் புதையாதிருக்க வகுக்கப்பட்ட இம்முறை, செங்குத்தான திராட்சைத் தோட்டங்களுக்கு மிகவும் பொருந்திப்போனது. ஜெர்மனியின் மோசல் ஆற்றுச் சரிவுகளில் மேலே நிற்கும் வடச்சுருளியால் கருவிகளை இழுப்பது இன்றும் காணத்தக்கது. இரண்டாவது தீர்வு சங்கிலித் தட வண்டி. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகருக்கருகே பெஞ்சமின் ஹோல்ட் 1904ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சோதித்துப் பார்த்த இவ்வகை, எடையை அகலப் பரப்பி, தரையோடு ஒட்டித் தாழ்ந்து நிற்பதால் சரிவில் உறுதியானது. 1925ஆம் ஆண்டு ஹோல்ட் நிறுவனமும் அதன் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் நிறுவனம் உருவாயிற்று.

சக்கர டிராக்டர் எளிய உழவரையும் எட்டியது 1917ஆம் ஆண்டு வெளிவந்த, ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் மூலமாகும். எடை குறைந்ததும் மலிவானதுமான இவ்வண்டி, கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கிக்கொண்டால் முன்புறம் எழுந்து ஓட்டுநரின் மேல் பின்னோக்கிக் கவிழும் குறையால் பெயர் கெட்டது. இதன் காரணம் எளிது: பின் சக்கரம் உருள முடியாமல் நிற்கையில், அதைச் சுழற்ற முயலும் பொறியின் விசை சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. இச்சிக்கலுக்கு விடை தந்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். 1926ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அவரது இணைப்பு முறையில், கலப்பை கீழே இரண்டும் மேலே ஒன்றுமாகிய மூன்று தண்டுகளால் வண்டியோடு இணைந்து, ஹைட்ராலிக் விசையால் உயர்த்தித் தாழ்த்தப்படுகிறது. கலப்பையின் இழுவை முன்புறத்தைக் கீழே அழுத்துமாறு இத்தண்டுகள் அமைந்துள்ளன. கலப்பை பாறையில் முட்டினால் பின் சக்கரங்களின் மேலுள்ள சுமை விடுபட்டு அவை வழுக்கிச் சுழலுமேயன்றி முன்புறம் எழுவதில்லை. 1938ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டோடு செய்த வாய்மொழி உடன்பாட்டின் விளைவாக அடுத்த ஆண்டே இம்முறை ஃபோர்டு டிராக்டரில் இடம்பெற்று, பின்னர் உலகெங்கும் பொதுமுறை ஆயிற்று. டிராக்டர் வரலாற்றில் குதிரைத்திறன் பெருகியதைவிட இம்மூன்று தண்டுகளே பெரிய நிகழ்வு எனலாம்.

ஃபெர்குசனின் நிறுவனம் 1953ஆம் ஆண்டு மாசி–ஹாரிசுடன் இணைந்து, பின்னர் மாசி ஃபெர்குசன் என்னும் பெயர் பெற்றது. அதன் கூட்டுறவோடு 1960ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் செம்பியத்தில் அவ்வண்டிகளைச் செய்யலாயிற்று. அதற்கு முன் இந்தியாவுக்கு வந்த டிராக்டர்களுள் பல, இரண்டாம் உலகப் போரில் எஞ்சிய சங்கிலித் தட வண்டிகள். நடுவண் அரசின் டிராக்டர் அமைப்பு இவற்றைக்கொண்டு வட, நடு இந்தியாவில் தரிசுகளைத் திருத்தியது. எய்ச்சர் நிறுவனம் 1959ஆம் ஆண்டு ஃபரிதாபாத்தில் உள்நாட்டில் செய்யப்பட்ட முதல் டிராக்டரை வெளிக்கொணர்ந்தது. இவ்வண்டிகள் பெரும்பாலும் சமவெளி உழவுக்கானவையே.

கவிழ்ந்தாலும் ஓட்டுநர் உயிர் பிழைக்கவேண்டும் என்னும் சிந்தனை சுவீடனில் சட்டமாயிற்று. ஓட்டுநர் இருக்கையைச் சுற்றி வலுவான எஃகுச் சட்டகம் இல்லாத புதிய டிராக்டரை விற்கக்கூடாது என 1959ஆம் ஆண்டு அந்நாடு விதித்தது. வண்டி முழுமையாக உருளாமல் ஒரு பக்கமாகச் சாய்வதோடு நிற்கவும், நின்ற நிலையில் ஓட்டுநருக்கு உயிர் தப்பும் இடைவெளி இருக்கவும் இச்சட்டகம் உதவுகிறது. சீட் பெல்ட்டோடு சேர்ந்தால் கவிழ்வுச் சாவுகளை ஏறத்தாழ முழுவதுமாகவே தடுக்கும் இவ்வமைப்பு, டிராக்டர் பாதுகாப்பில் இதுவரை கண்டறியப்பட்டவற்றுள் தலையாயது.

கவிழ்வின் கணக்கு

ஒரு வண்டி பக்கவாட்டில் கவிழும் கோணத்தை அதன் இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன: ஒன்று, இடது வலது சக்கரங்களின் நடுக்கோடுகளுக்கு இடையேயுள்ள தட அகலம், மற்றொன்று, எடையனைத்தும் குவிந்திருப்பதாகக் கருதப்படும் புள்ளியாகிய ஈர்ப்பு மையத்தின் உயரம். தட அகலம் 130 செ.மீ., மைய உயரம் 75 செ.மீ. எனக் கொண்டால், அசையாது நிற்கும் வண்டி ஏறத்தாழ 41 பாகையில் கவிழும். இது தைரியம் தரும் எண்ணாகத் தோன்றினும் நிலத்தில் நிலைப்பதில்லை. கீழ்ப்பக்கச் சக்கரம் 20 செ.மீ. பள்ளத்தில் இறங்க, மேல்பக்கச் சக்கரம் 10 செ.மீ. கல்லின்மேல் ஏறினால் 13 பாகை போய்விடும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 5 மீட்டர் ஆரத்தில் மேட்டை நோக்கித் திருப்பினால் மேலும் 9 பாகை குறையும். எஞ்சுவது 19 பாகை, அதாவது ஏறத்தாழ 34 விழுக்காட்டுச் சரிவு. முன் அச்சு நடுவில் ஊசலாடும் வகையில் பொருத்தப்பட்டிருப்பதால் உண்மையான எல்லை இதனினும் தாழ்வானது. வேகம் இருமடங்கானால் திருப்பத்தின் விளைவு நான்கு மடங்காகும். அந்நிலையில் லேசான சரிவே வண்டியைக் கவிழ்க்கப் போதுமானது. இதற்கு மாறாக, தட அகலத்தை 150 செ.மீ. ஆகக் கூட்டினால் 41 பாகை 45 ஆகிறது.

பின்னோக்கிக் கவிழ்வது இதைவிட விரைவானது. முன்புறம் எழத் தொடங்கி ஏறத்தாழ முக்கால் நொடிக்குள் மீட்க இயலாத நிலையை வண்டி அடைந்துவிடுமாதலால், கிளட்சை மிதித்துத் தப்பலாம் என்னும் நம்பிக்கை வீணானது. மரவேரையோ புதைந்த வண்டியையோ இழுக்கும்போது சங்கிலியை மேல் தண்டிலோ பின் அச்சிலோ கட்டுவதே இவ்வகை விபத்துக்கு முதற்காரணம். தாழ்வான இழுவைக் கம்பியில் கட்டுவதே முறை.

வகைகள்

முதல் வகை, ஓட்டுநர் பின்னால் நடந்து செல்லும் பவர் டில்லர். இலங்கைத் தமிழர் லான்ட்மாஸ்டர் என வழங்கும் இவ்வகையைக் கேரளத்தின் காம்கோ 1970களிலிருந்தும், பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் அதற்குச் சற்று முன்னிருந்தும் செய்துவருகின்றன. வண்டியே கவிழ்ந்தாலும் ஓட்டுநர் அதன் அடியில் இல்லை என்பது இதன் பெரும் நன்மை. இறக்கத்தில் மட்டும் ஒரு விந்தை உண்டு: மேட்டில் இடது கைப்பிடிக் கிளட்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும் வண்டி, இறக்கத்தில் அச்சக்கரம் விசையிலிருந்து விடுபட்டு வேகமாக உருள்வதால் வலப்பக்கம் திரும்பும். இதை அறியாதவர் கையில் டில்லர் தரப்படக்கூடாது.

இரண்டாம் வகை, 15 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான சிறு டிராக்டர். இவற்றுள் நான்கு சக்கரத்துக்கும் விசை செல்வன உண்டு. மூன்றாவது, 35 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான வழக்கமான வண்டி. ஆல்ப்ஸ் பகுதியின் தாழ்ந்து அகன்ற மலைவண்டிகள் நான்காம் வகையைச் சேர்ந்தவை. சுவிட்சர்லாந்தின் ஏபி, ஆஸ்திரியாவின் ரிஃபார்ம் ஆகிய நிறுவனங்களின் இவ்வண்டிகள் சம அளவுடைய நான்கு சக்கரங்களும் இருபுறமும் சமமாகப் பகிர்ந்த எடையும் கொண்டவை. இத்தாலியின் அந்தோனியோ கராரோ திராட்சைத் தோட்டங்களுக்கெனச் செய்வனவும் இவற்றுக்கு நெருங்கியவை. இந்தியச் சந்தையில் இவை பரவலாகக் கிடைப்பதில்லை.

தேர்வு

நான்கு சக்கர விசை சரிவுக்கு முதல் தேவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது பற்றுதலைக் கூட்டுவதும், இறக்கத்தில் பொறியின் தடுப்பை முன் சக்கரங்களுக்கும் கொண்டுசெல்வதும் உண்மையே; ஆயினும் கவிழும் கோணத்தை அது ஒரு பாகைகூட உயர்த்துவதில்லை; இருசக்கர விசை வண்டி ஏறத் தயங்கும் இடத்திற்கும் ஓட்டுநரைக் கொண்டுசென்றுவிடுகிறது. எனவே முதலிடம் பாதுகாப்புச் சட்டகத்துக்கும் சீட் பெல்ட்டுக்கும், அடுத்த இடம் அகன்ற தடத்துக்கும் தாழ்ந்த மையத்துக்கும், அதன் பின்னரே நான்கு சக்கர விசைக்கும், கடைசி இடம் குதிரைத்திறனுக்கும் உரியது. சட்டகம் மடக்கக்கூடியதாயின் அது நிமிர்ந்திருக்கும்போது மட்டுமே பெல்ட்டைப் போடவேண்டும். சட்டகமில்லா வண்டியில் பெல்ட் ஓட்டுநரை வண்டியோடு கட்டிப்போட்டுவிடும்.

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955 முதல் இயங்கும் நடுவண் அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் வெளியிடும் அறிக்கைகளில் ஒவ்வொரு வண்டியின் ஈர்ப்பு மையமும் தட அகலமும் பிரேக் சோதனை முடிவும் தரப்படுகின்றன. தட அகலத்தில் பாதியை மைய உயரத்தால் வகுத்து, இரண்டு வண்டிகளுக்குக் கிடைக்கும் எண்களை ஒப்பிட்டால் எது உறுதியானது என்பதை உழவரே அறியலாம். விற்பனையாளரின் சொல்லைவிட இது நம்பத்தக்கது. பின் சக்கரத் தட்டுகளை மாற்றிப் பூட்டித் தடத்தை அகலமாக்கலாம். டயரில் நீர் நிரப்பினால் எடை தாழ இறங்கும். உலர் பிரேக்கைவிட எண்ணெயில் மூழ்கிய பிரேக், நீண்ட இறக்கத்தில் சூடேறித் தளராதது. இடது, வலது பிரேக் மிதிகளை இணைக்கும் தாழ் சாலையிலும் சரிவிலும் எப்போதும் பூட்டியிருக்கவேண்டும். ஒற்றைப் பிரேக் மிதிபட்டால் வண்டி ஒரு பக்கம் சுழன்றுவிடும். பிரேக் இல்லாத டிரெய்லரில் மரவள்ளிக் கிழங்கை ஏற்றி மலைச்சாலையில் இறங்குவது எந்த வண்டிக்கும் ஏற்றதன்று, மட்கார்டின் மேல் ஆள் அமர்வதும் அவ்வாறே.

இவ்வளவும் பொருந்திய வண்டியும் படித்தளத்தின் அகலத்துக்குள் திரும்ப முடியாவிட்டால் பயனில்லை. தளம் குறுகியதாயின் பவர் டில்லரே தக்கது. அதுவும் ஏற முடியாத இடத்தில் களையெடுக்கும் சிறுபொறியாகிய பவர் வீடரோ ஏர்மாடோ தான் உழவேண்டும்.

தற்போது தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், பவர் டில்லர் ஆகியவற்றுக்கு மானியமும் வாடகைச் சேவையும் வழங்கிவருகிறது. நாட்டில் விற்பனையாகும் வண்டிகளில் பெரும்பாலானவை சட்டகமின்றியே வருகின்றன. மலைநிலத்துக்கு வண்டி வாங்குவோர் விலை பேசும்போதே சட்டகத்தையும் பெல்ட்டையும் கேட்டுப் பெறவேண்டும். மலைவட்டாரங்களுக்கான மானியத்தை அரசு அவ்விரண்டும் பொருத்திய வண்டிகளுக்கு மட்டுமே வழங்கவேண்டும்.